நல்ல காது இருக்கிற பக்கம்

நீலத்தை வலது காதில் மாட்டிப் பார்த்தபோது ஒலி கேட்டது. செண்பகவல்லி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள். கேட்டது. எட்டாயிரம் ஹெர்ட்ஸ், காது பரிசோதிக்கிற அந்த மெஷினிலேயே உச்சமான ஒலி, ஊசி மாதிரி மெலிசாக, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் கேட்டது. ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. பத்தொன்பது வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் அப்படித்தான் மாட்டிவிடுகிறாள், தினமும் காலையில் முதல் ஆளைக் கூப்பிடும் முன்பு தானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒலியாகப் போட்டுப் பார்க்கிறாள், சமைக்கிறவள் உப்புப் பார்ப்பதுபோல. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை நீலத்தில் எட்டாயிரம் கேட்கவில்லை. உடனே பழுதுப் பதிவேட்டை எடுத்து 'ஹெட்போன் இடப்பக்கம் பழுது, உயர் ஒலி வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எவ்வளவு வேகமாக எழுதினாள் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. பேனா மூடியைக் கூடச் சரியாகக் கழற்றவில்லை, விரலெல்லாம் மை. அன்றிலிருந்து வருகிறவர்களுக்குச் சிவப்பையே இரண்டு காதுக்கும் மாற்றி மாற்றி வைத்துச் சமாளித்தாள். அந்தச் சிவப்பைத் தன் இடது காதில் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்திருக்கலாம். நீலத்தை வலது காதில் வைத்துப் பார்த்திருக்கலாம். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூட முதலில் அதைத்தான் செய்யும். பழுது வயரிலா காதிலா என்று தெரிய அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டாள். இன்று காலை கம்பெனி ஆள் வந்து, கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல ஒண்ணுமே இல்ல, புதுசு மாதிரி இருக்கு. நீங்கதான் தப்பா எழுதிட்டீங்க போல" என்று சிரித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவளும் கூடச் சிரித்தாள். இப்போது மணி ஒன்று பத்து. புறநோயாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள், கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள், சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை.

மூன்று மணிக்குப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். மேசையில் தாள் மடித்து வைத்திருக்கிறது. தலைமையாசிரியை போனில், "டாக்டர் சீட்டு கெடைக்காதுன்னு இப்பவே பிள்ளைங்க அழுதுக்கிட்டு இருக்குதுங்க மேடம். அது இல்லாட்டி வேற என்னென்ன படிப்பு இருக்கு, என்னென்ன வேலை இருக்குன்னு பொதுவாச் சொல்லுங்க. தெம்பாச் சொல்லுங்க" என்றார். தெம்பாக எழுதியிருக்கிறாள். எக்ஸ்ரே, ஸ்கேன், லேப், டயாலிசிஸ், பிசியோதெரபி, கண் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர், செவித்திறன் சோதிக்கிற ஆடியாலஜி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, எத்தனை வருஷப் படிப்பு, எங்கே வேலை. நன்றாகத்தான் இருக்கிறது தாள். அதில் எழுதாததை யார் சொல்வது? எக்ஸ்ரே எடுக்கிறவள் ஒவ்வொரு தடவையும் அறையை விட்டு வெளியே போய் நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும் என்பதை. டயாலிசிஸ் பிரிவில் வாரம் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம் ஒரே ஆளோடு உட்கார்ந்து அவர் மகள் கல்யாணம் வரை எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டில் காலியாக இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பதை. லேப்பில் இருக்கிற பிள்ளைக்கு ஊர்க்காரர்களின் ரத்தமெல்லாம் தெரியும், முகம் தெரியாது என்பதை. இதையெல்லாம் சொன்னால் தலைமையாசிரியை தண்ணீர் டம்ளரை நீட்டுவார். ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "நீங்க இத விரும்பி எடுத்தீங்களா மேடம்?" என்று கேட்கும். எல்லா வருஷமும் ஒன்று கேட்கிறது. அவள் விரும்பியா எடுத்தாள்? கவுன்சிலிங்கில் அவள் எண்ணைக் கூப்பிட்டபோது பலகையில் எல்லாம் அணைந்துபோயிருந்தது. பிசியோதெரபி கண்முன்னாலேயே போயிற்று. கவுன்ட்டரில் இருந்தவர் நிமிராமல், "ஆடியாலஜி ஒண்ணு இருக்கும்மா, எடுத்துக்கறியா?" என்றார், மீந்துபோன அளவில் சட்டை எடுத்துக்கொடுப்பவர் போல. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "ரேடியோ ரிப்பேரா சார்?" என்று கேட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் சரி என்று தலையாட்டினாள். இதைப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லவா முடியும்? ஆனால் பிறகு பிடித்துப்போயிற்று. அது நிஜம். மூன்று வயது வரை ஒரு சத்தமும் கேட்காத பிள்ளைக்கு மெஷின் வைத்து முதல் தடவையாக மேசையைத் தட்டியபோது அது திரும்பிப் பார்த்ததே, அந்த ஒரு திரும்பலுக்காக இன்னொரு தடவைகூட இந்தப் படிப்பையே எடுக்கலாம். அதைச் சொல்லலாம். அதைச் சொல்லும்போது இடது பக்கத்து வரிசையிலிருந்து யாராவது மெதுவாகக் கேள்வி கேட்டால்?

தானே பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். நினைத்ததும் செய்தாள். ஹெட்போனைச் சரியாக மாட்டி, இடது காது, ஒலி நாலாயிரம், சத்தம் நாற்பதில் வைத்து அமுக்கினாள். கேட்டது. கேட்டதா? முப்பதுக்கு இறக்கினாள், கேட்டது. இருபத்தைந்து, கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி நாற்பதில் அமுக்கினாள், இப்போது ஒன்றுமே இல்லை. அறுபது, ஏதோ இருந்தது, அல்லது விரல் பட்டனைத் தொட்டதைக் காது கேட்டதாக எடுத்துக்கொண்டது. இதுதான் சங்கடம். அமுக்குகிறவளும் கேட்கிறவளும் ஒரே ஆளாக இருந்தால் மனசு தானே சத்தத்தைச் செய்து கொடுத்துவிடும். ஊரில் அத்தனை பேர் காதையும் அவள் பார்க்கலாம், தன் காதை மட்டும் பார்க்க முடியாது, அதற்கு இன்னொரு விரல் வேண்டும். இந்த மாவட்டத்துக்கே அவள் ஒருத்திதான். ஏமாற்றுகிற காதுகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊனமுற்றோர் சான்றிதழுக்கு வந்து ஒன்றுமே கேட்கவில்லை என்று உட்கார்ந்திருப்பவரிடம், தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, "சரி, நீங்க போலாம்" என்று முணுமுணுத்தால் எழுந்துவிடுவார். போலீஸ் வேலைக்கு வருகிற பையன்கள் கேட்காததையும் கேட்டதாகச் சொல்ல, எப்படியோ அவள் தோள்பட்டையையே பார்ப்பார்கள், தோள் அசைந்தால் கை தூக்குவார்கள். வயசானவர்கள் அவள் மனசு கோணக்கூடாதென்று சும்மா சும்மா தூக்குவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவி, "நீ அமுக்குறப்ப ஒம் மொகத்துல தெரியுதே தாயி" என்று சொல்லிவிட்டது. அதிலிருந்து முகத்தில் எதையும் காட்டாமல் பழகினாள். அமுக்கும்போதும் அதே முகம், அமுக்காதபோதும் அதே முகம், பெற்ற பிள்ளைக்குக் காது முழுக்கப் போய்விட்டது என்று தாளில் குறிக்கும்போதும் அதே முகம். பழகிப் பழகி அது கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த கோவில்பட்டிக்காரர்கள் தரகரிடம், பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு மொகத்துல ஒண்ணும் தெரியல என்று சொல்லி அனுப்பினார்கள். பிடித்திருந்தது. அவளுக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத் தெரியாமல் காபித் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் அப்பா போனார், அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் எட்டு வருஷம் போயிற்று, போன ஆடியில் அம்மாவும் போனாள், இப்போது நாற்பத்திரண்டு.

இந்த வருஷம் சில்வண்டு இல்லை என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மழைக்கு அப்புறம் வீட்டுக்குப் பின்னால் காலிமனையில் ஓயாமல் கத்தும். மனையில் கட்டடம் வந்துவிட்டது, அதனால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். வருத்தம்கூடப் பட்டாள், ஊரெல்லாம் கட்டடமாகிவிட்டதே என்று. போனை வலது காதுக்கு மாற்றியதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள், புதுப் போன் கைக்கு அடக்கமாக இல்லை. படுக்கையில் இடது பக்கம் ஒரு ரீங்காரம், அது பக்கத்து வீட்டு மோட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்திருக்கிறாள், எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் இன்னொருத்தி சொல்லியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே பேனாவை எடுத்திருப்பாள். ஒரு பக்கம் மட்டும். உயர் ஒலி. கூடவே ரீங்காரம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காது நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதி செய்யவும் என்று டாக்டருக்கு எழுத வேண்டும். எழுதியிருக்கிறாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு. அதில் இரண்டு பேருக்குக் கட்டி இருந்தது. ஒருவர் சர்க்கரை ஆலைக் கணக்கர், நல்ல சிவப்பு, ஆபரேஷனுக்குப் பிறகு வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, மனைவி அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அந்த மனைவியிடம்கூடச் சொன்னாள், வருகிறவர்களின் கூட வருகிறவர்களிடமெல்லாம் கடைசியாகச் சொல்கிற அதே வாக்கியத்தை. "நல்ல காது இருக்கிற பக்கமா நின்னு பேசுங்க." மகனிடம், மருமகளிடம், தம்பியிடம், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. "நல்ல காது இருக்கிற பக்கமா நின்னு பேசுங்க." தன்னைப் பற்றி இதை யாரிடம் சொல்வது? யோசித்துப் பார்த்தாள். தம்பி அபுதாபியில், மாதம் ஒரு போன், போனுக்கு எந்தக் காதாக இருந்தால் என்ன. பால்காரரிடம் சொல்லலாம். பஸ் கண்டக்டரிடம் சொல்லலாம். கட்டி இருந்துவிடுமோ என்பதை விட, வாய் கோணிவிடுமோ என்பதை விட, வேலை போய்விடுமோ என்பதை விட, அந்த வாக்கியத்தைச் சொல்லத் தனக்கு ஓர் ஆள் இல்லை என்பதுதான் பெரிதாக இருந்தது. தனியாக இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இவ்வளவு தனியாக என்று தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் டிபன் பாத்திரம் மூடுகிற சத்தம் கேட்டது. வலது காதில். சவரிமுத்து சார் சாப்பிட்டு முடித்துவிட்டார். இ.சி.ஜி. எடுக்கிறவர். பதினோரு வருஷமாகப் பக்கத்து அறை. தினமும் அவர் சாப்பிட்டு முடித்ததும் மூடியை மூன்று தட்டுத் தட்டி மூடுவார், தினமும் அவளுக்குக் கேட்கும், இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிடுவார்கள். மழை வருமா சார், கரண்ட் வந்துச்சா மேடம், அவ்வளவுதான் பேச்சு. அவர் மனைவி இறந்தபோது மாலையோடு போய் அதே முகத்தோடு நின்றுவிட்டு வந்தாள். தாழ்ப்பாளைத் திறந்தாள். திரும்பி வந்தாள். தாளை எடுத்து மடித்ததையே மறுபடி மடித்தாள். செவ்வாயும் வெள்ளியும் வருகிற காது டாக்டரிடம் கேட்கலாம், அவருக்கு மெஷினில் எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாது, கேட்டால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும். மதுரைக்குப் போகலாம், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், இந்த மூன்று வாரம் போலவே. மூன்று மணிக்கு அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று தெம்பாகப் பேச வேண்டும். போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், ஒரு உதவி."

"சொல்லுங்க மேடம்." அவர் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"எனக்குக் காது பாக்கணும். நீங்கதான் பாக்கணும்."

"நானா? எனக்கு நெஞ்சத் தவிர வேற என்ன மேடம் தெரியும்?"

"ஒரு பட்டன்தான் சார். சொல்லித் தாரேன்."

சொல்லிக்கொடுத்தாள். இந்தத் திருகு எந்த ஒலி, இந்தத் திருகு எவ்வளவு சத்தம். முதலில் சத்தம் கூட்டி, கேட்டால் பத்துப் பத்தாய்க் குறைக்க வேண்டும், கேட்காவிட்டால் ஐந்து ஐந்தாய்க் கூட்ட வேண்டும். சத்தம் புகாத கண்ணாடி ஜன்னல் பெட்டிக்குள்ளேயிருந்து அவள் பட்டனை அமுக்கினால் இங்கே லைட் எரியும். கேட்கிற இடத்தில் நீலப் பேனாவால் பெருக்கல் குறி. கடைசி வரை கூட்டியும் எரியாவிட்டால் கீழ்நோக்கி ஓர் அம்பு. "ஒரே மாதிரி அமுக்காதீங்க. கொஞ்ச நேரம் சும்மாவும் இருங்க. நான் எண்ணிக்கிட்டே அமுக்கிருவேன். அப்புறம், என்னப் பாக்காதீங்க." சவரிமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "இதெல்லாம் எதுக்கு மேடம், ஒங்களுக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார், சும்மா மெஷின் டெஸ்ட்டு" என்று சொல்ல வாய் வந்தது. "இடது காது கேக்கலைன்னு நெனைக்கிறேன்" என்றாள். வலது காதுக்கு இரைச்சலைப் போட்டுவிட்டாள். இல்லாவிட்டால் நல்ல காது கெட்ட காதுக்காகப் பதில் சொல்லிவிடும். பெட்டிக்குள் போய்க் கனத்த கதவை இழுத்துச் சாத்தினாள்.

எத்தனை ஆயிரம் பேரை உள்ளே அனுப்பியிருக்கிறாள். நாற்காலி இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று தெரியாது. எதிர்ச் சுவரில் 'அமைதி' என்று கண்ணாடிச் சட்டத்தில் அவளே மாட்டிய அறிவிப்பு. அந்தக் கண்ணாடியில் சவரிமுத்துவின் தோள்பட்டை தெரிந்தது, அழகாக, முழுசாக. ஆக இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள் திருட்டுப் பையன்கள். அவர் தோள் அசைந்தது. கட்டைவிரல் பட்டன் மேல் தானாக இறங்கப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டாள். வலது காதில் மழை பெய்துகொண்டிருந்தது, தகரத்தில் பெய்கிற மாதிரி சீரான இரைச்சல். இடது காதில் ஒரு ஒலி வந்தது, ஆயிரம், தெளிவாக, அமுக்கினாள். இன்னும் மெலிசாக, அமுக்கினாள். இன்னும். சந்தோஷமாக இருந்தது, பரீட்சையில் முதல் கேள்வி தெரிந்த மாதிரி. அடுத்தது இரண்டாயிரம், வந்தது, வந்தது, போயிற்று. நாலாயிரம் வெகுநேரம் கழித்து ஒரு தடவை வந்தது, அமுக்கினாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் சும்மா இருக்கிறாரா? சும்மாவும் இருங்கள் என்று அவள்தானே சொன்னாள். நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறார், கொஞ்சம் அதிகமாகவே செய்கிறார். அல்லது அமுக்கிக்கொண்டே இருக்கிறாரா? ரீங்காரம் கேட்டது, அது அவளுடையது, அதற்கு அமுக்கக் கூடாது. ஒலி இல்லாத நேரத்துக்கும் கேட்காத நேரத்துக்கும் உள்ளேயிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. இதைப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. அந்தச் சர்க்கரை ஆலைக் கணக்கர் இங்கே இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார், அவள் வெளியே அதே முகத்தோடு மேலே மேலே கூட்டிக்கொண்டு போயிருப்பாள். சும்மா சும்மா கை தூக்குகிற கிழவிகளை இப்போது புரிந்துகொண்டாள். அவர்களுக்கு அவள் மனசு கோணுவது பற்றி ஒரு கவலையும் இல்லை. யாராவது அந்தப் பக்கம் இருக்கிறார்களா என்று பார்த்திருக்கிறார்கள். பட்டனை இறுகப் பிடித்துக்கொண்டாள், அமுக்கவில்லை. ஒரு பொய்யான அமுக்கு போதும், தாளில் ஒரு பெருக்கல் குறி மேலே ஏறிவிடும், மூன்று மணிக்குத் தெம்பாகப் போகலாம். அமுக்கவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. திடீரென்று மழையும் நின்றது.

கதவு திறந்தது. சவரிமுத்து தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாக அவரிடம் வருகிறவர்கள் மல்லாந்து படுத்துக் கூரையைத்தான் பார்த்திருக்கிறார்கள். முகத்தை மறைக்க அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. தாளை வாங்கும் முன்பே செண்பகவல்லிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போல மேடம். இன்னொரு தடவ பாப்பமா?"

நாலாயிரத்தில் பெருக்கல் குறி தாளின் அடியில், மோசமான இடத்தில் கிடந்தது. ஆறாயிரத்திலும் எட்டாயிரத்திலும் இரண்டு அம்புகள். கோடு போட்ட மாதிரி நேராக, கவனமாக வரைந்திருந்தார்.

"இந்த அம்புக்கு எத்தன தடவ அமுக்குனீங்க?"

"பதினஞ்சு இருபது தடவ இருக்கும். கடைசி வரைக்கும் வச்சேன். லைட்டு எரியல."

"அப்ப சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க" என்றாள். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டாள். முகம் எந்தெந்தப் பக்கம் போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சவரிமுத்து பயந்துபோய் அக்கம்பக்கம் பார்த்தார், அப்புறம் ஓடிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். நல்ல தாகம், முழுசையும் குடித்தாள்.

டாக்டருக்குக் கடிதம் எழுதினாள். பெயர், வயது, இடது காது, ஒரு பக்கம் மட்டும், ரீங்காரம் உண்டு, ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும். எத்தனையோ தடவை எழுதியது, பெயர்தான் புதிது. பேனா மூடியைச் சரியாகப் போட்டு மூடினாள். மணி இரண்டரை.

"பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிருங்க மேடம்."

"இல்ல, போகணும். பிள்ளைங்க உக்காந்திருக்கும்."

"அப்ப நானும் வாரேன். எனக்கு ரெண்டு மணியோட டூட்டி முடிஞ்சுது. இ.சி.ஜி.யப் பத்தி ஏதும் கேட்டா நான் சொல்றேன்." சொல்லிவிட்டு அவரே கூச்சப்பட்டார். "ஒங்க தாள்ல அது இருக்கா?"

இல்லை. பதினோரு வருஷம் பக்கத்து அறையில் இருந்தும் அதை எழுத மறந்திருந்தாள்.

வாசலில் வெயிலுக்குக் கண் கூசியது. மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, ஆட்டோக்காரர்கள் சவாரிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இளநீர்க்கடையில் பாட்டு. சவரிமுத்து வண்டி வருகிற பக்கமாக, அவளுக்கு இடப்பக்கம் வந்து நடந்தார். பெண்களோடு ரோட்டில் போனால் மரியாதை தெரிந்த ஆண்கள் அப்படித்தான் நடப்பார்கள். ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். வாய் அசைவது தெரிந்தது, கையை ஆட்டுவது தெரிந்தது, அவர் மனைவியைப் பற்றியோ என்று தோன்றியது, பாதிதான் அவளிடம் வந்து சேர்ந்தது. சும்மா தலையாட்டிக்கொண்டு வரலாம். மூன்று வாரமாக எல்லாரிடமும் அதைத்தான் செய்திருக்கிறாள். பத்துத் தப்படி அப்படியே நடந்தாள். நின்றாள்.

"அண்ணே" என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக. "இங்கிட்டு வாங்கண்ணே. நல்ல காது இருக்கிற பக்கமா நின்னு பேசுங்க."

சவரிமுத்து அவளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, சொன்னது அவ்வளவையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.